பழைய ட்ராக்டர் ஏசிய மாத்துறப்போ கேஸ்ல இருந்து ஆரம்பிக்காதீங்க

பொன்னேரி பக்கம் எங்க மாமா வயல்ல ஒரு பழைய இம்போர்ட்டட் ட்ராக்டர் இருக்கு, ஏசி கேபினோட வந்த வண்டி, உள்ள சில்லுனு ஆக்கறது ஆர்12-ங்கற பழைய கூலிங் கேஸ். அந்த கேஸ் 2010-ஓட நம்ம நாட்டுல நின்னுபோச்சு, அதுக்கு பதிலா போடறது ஆர்134ஏ. கத்திரி வெயிலுக்கு முன்னாடி முடிச்சிடணும்னு அவசரம், சென்னைல ஒரு கடைல புது கேஸ் ஏத்தற வாய்க்கு அடாப்டர மட்டும் மாட்டி புது கேஸ ஏத்தி குடுத்துட்டாங்க, சில்லுனு காத்து வந்ததும் நாங்களும் சந்தோஷமா கிளம்பிட்டோம். மூணாவது வாரம் கம்ப்ரசர் ஜாம் ஆயிடுச்சு.

காரணம் ஆயில். ஆர்12 சிஸ்டத்துல இருக்கறது மினரல் ஆயில், அது ஆர்134ஏ-வோட கலக்காது. கேஸ் கூடவே ஆயிலும் சுத்தி வந்தாதான் கம்ப்ரசருக்கு உயிரு, கலக்கலன்னா ஆயில் போய் கூலிங் காயில்லயும் பைப்லயும் தங்கிடும், கம்ப்ரசர் காய்ஞ்சு போய் ஓடி ஓடி பிடிச்சுக்கும். அதனால பழைய ஆயில முழுசா வடிச்சு, பைப்பு காயில் எல்லாத்தையும் ஃப்ளஷ் பண்ணி, எஸ்டர் ஆயிலோ, இல்ல அந்த கம்ப்ரசருக்கு சொன்ன பிஏஜி ஆயிலோ ஊத்துங்க, ரெண்டும் சிந்தெடிக் ஆயில் தான். கம்ப்ரசரையும், கூலிங் காயிலுக்குள்ள கேஸ அளந்து விடற எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாட்டி வச்சிக்கிட்டே ஃப்ளஷ் அடிக்காதீங்க, கழட்டிட்டு தான் அடிக்கணும். ரிசீவர் ட்ரையர் கண்டிப்பா புதுசு, பழசுல உள்ள ஈரம் உறிஞ்சற மணி இந்த கேஸுக்கு ஆகாது. ஓரிங்கும் எல்லா ஜாயின்ட்லயும் மாத்திடுங்க.

அடுத்தது வேக்கம், அதாவது பம்ப் போட்டு உள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் இழுக்கறது. நம்ம சென்னை காத்துல எவ்ளோ ஈரம்னு சொல்லவே வேணாம், பைப்ப திறந்து வச்சா அதெல்லாம் உள்ள போயிடும், பிஏஜி ஆயில் வேற ஈரத்த இழுத்துக்கும். பத்து நிமிஷம் பம்ப் போட்டு "போதும் சார்"னு சொன்னா ஒத்துக்காதீங்க, முக்கா மணி நேரமாவது ஓடட்டும், அப்புறம் பம்ப நிறுத்திட்டு கேஜ் முள்ளு ஏறுதான்னு பாருங்க, ஏறிச்சுன்னா லீக் இருக்கு, இல்ல உள்ள ஈரம் இருக்கு.

கேஸ் எவ்ளோன்னு கேஜ பாத்து மட்டும் முடிவு பண்றதும் தப்பு தான். வண்டி நிக்கும்போது 35 டிகிரி வெயில்ல ஆர்134ஏ சுமார் 114 பிஎஸ்ஐ காட்டும், உள்ள கொஞ்சம் திரவம் இருந்தா போதும், பாதி இருந்தாலும் முழுசா இருந்தாலும் அதே நம்பர் தான். தராசுல எடை போட்டு ஏத்துங்க, பழைய ஆர்12 அளவுல 80-90 சதவீதம் வரைக்கும் தான்.

இதவிட முக்கியமா நான் நினைக்கறது கண்டென்சர், கேஸோட சூட்ட வெளிய தள்ளற காயில். வெயில் ஏற ஏற ஆர்134ஏ-க்கு பிரஷர் ஆர்12-வ விட அதிகமா போகும், பழைய ட்யூப் மாடல் கண்டென்சரால அந்த சூட்ட வெளிய தள்ள முடியாது. பல தட்டை ட்யூப்ல கேஸ் ஒரே நேரத்துல பிரிஞ்சு ஓடற பேரலல் ஃப்ளோ கண்டென்சர் போடுங்க, சென்னை புதுப்பேட்டை வண்டி பார்ட்ஸ் கடைகள்ல வாங்கறதா இருந்தா பழச கையோட எடுத்துட்டு போய் அளவு பாத்து வாங்குங்க. அறுப்பு நேரத்துல வைக்கோல் தூசியும் பதரும் கண்டென்சர்ல போர்வை மாதிரி ஒட்டிக்கும், அப்ப கூலிங் வரலன்னு இன்னும் கேஸ் ஏத்தாதீங்க! மொதல்ல தூசி ஒட்டுன பக்கத்துக்கு பின்பக்கத்துல இருந்து மெதுவா காத்தடிங்க.

கண்டென்சருக்கு எக்ஸ்ட்ரா ஃபேன் போட்டா வண்டிக்கு கரண்ட் குடுக்கற பழைய ஆல்டர்னேட்டர் தாங்குமான்னு கணக்கு போடுங்க, கம்ப்ரசர் கிளட்சுக்கு மட்டுமே 3-4 ஆம்பியர் போகும், கேபினுக்குள்ள காத்து ஊதற ப்ளோயர் தனி.

காசு மிச்சம்னு சமையல் சிலிண்டர் கேஸ ஏத்தறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாங்க. கூலிங் காயில் இருக்கறது கேபினுக்குள்ள, அங்க லீக் ஆனா ப்ளோயர் மோட்டார்ல வர்ற ஒரு சின்ன பொறி போதும், உள்ள உக்காந்திருக்கறது நம்ம ஆளு.

எல்லாம் முடிஞ்சப்புறமும் சீசன் இல்லாத மாசத்துல வண்டிய சும்மா நிறுத்தி வைக்காதீங்க, வாரம் ஒரு தடவ பத்து நிமிஷம் ஏசிய போட்டு ஓட்டுங்க, இல்லன்னா கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் காய்ஞ்சு அந்த வழியா கேஸ் போயிடும்.