டான்ஸ்டாக் குவெரி: கீயில் கோட்டை விட்டால் எல்லாம் போச்சு

வெப் ஆப்பின் திரைகளைக் கட்ட உதவும் ரியாக்டில், யூஸ்எஃபெக்டுக்குள் சர்வரிலிருந்து டேட்டாவை ஃபெட்ச் செய்து, வந்ததை யூஸ்ஸ்டேட்டில் போட்டு வைப்பதுதான் எல்லோரும் முதலில் பழகுவது. லோடிங்குக்கு ஒரு ஸ்டேட், எரருக்கு ஒன்று, அதே பட்டியல் வேறொரு பக்கத்தில் தேவைப்பட்டால் மறுபடி ஒரு ரிக்வெஸ்ட். இந்தச் சுமையை டான்ஸ்டாக் குவெரி என்ற லைப்ரரி வாங்கிக்கொள்ளும். இங்கே சொல்வது 5ஆம் பதிப்புக்கு. ரியாக்ட் 18 ஆவது வேண்டும்.

பேக்கேஜை என்பிஎம்மில் இன்ஸ்டால் செய்து, கேஷை, அதாவது வந்த டேட்டாவின் சேமிப்பை, வைத்திருக்கும் குவெரிகிளையன்ட் ஒன்றை உருவாக்கி, ஆப் முழுவதையும் குவெரிகிளையன்ட்புரொவைடருக்குள் வையுங்கள். கிளையன்டை ஆப் காம்பொனென்டுக்கு வெளியே உருவாக்குங்கள். உள்ளே எழுதினால் அது ரெண்டருக்கு ரெண்டர் புதிதாகப் பிறக்கும், கேஷ் காலி.

அடுத்து யூஸ்குவெரி. அதற்குக் கொடுப்பது ஒரே ஆப்ஜெக்ட்: டேட்டாவின் பெயராக குவெரிகீ, கொண்டுவரும் ஃபங்ஷனாக குவெரிஎஃப்என். கீ ஓர் அர்ரே. பொருட்களைப் பக்கம் பக்கமாகக் காட்டும் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீயில் ‘பொருட்கள்’ என்று மட்டும் எழுதிவிட்டு, பக்க எண்ணை ஃபங்ஷனுக்குள் பயன்படுத்திப் பாருங்கள். 2ஆம் பக்கத்தை அழுத்தினால் எண் மாறும், பட்டியல் அப்படியே நிற்கும். கீ மாறாதவரை லைப்ரரிக்கு அது பழைய டேட்டாதான். ஃபங்ஷன் எந்த வேரியபிளைத் தொடுகிறதோ, அது கீயிலும் இருக்க வேண்டும்: ‘பொருட்கள்’, பக்கம்.

404, 500 வந்தாலும் ஃபெட்ச் எரர் வீசாது. ரெஸ்பான்ஸின் ஓகே மதிப்பைப் பார்த்து நீங்களே வீசுங்கள். வீசியதும் திரையில் எரர் வராது. 1, 2, 4 விநாடி இடைவெளியில் மூன்று முறை ரீட்ரை நடக்கும். ஏழு விநாடிக்கு மேல் சுழலும் லோடிங்கைப் பார்த்துப் பலர் எழுதிய கோட் முழுவதையும் கலைத்துவிடுகிறார்கள். டெவலப்மென்டில் ரீட்ரையை ஃபால்ஸ் ஆக்கிவிடலாம்.

வேறு டேபுக்குப் போய்த் திரும்பினாலே ரிக்வெஸ்ட் பறக்கிறதா? வந்த டேட்டாவைப் புதிதாகவே கருதும் நேரம் ஸ்டேல்டைம். அதன் டிஃபால்ட் 0, அதனால்தான். அடிக்கடி மாறாத பட்டியலுக்கு 60000 மில்லிவிநாடி கொடுங்கள். ஜிசிடைம் வேறு சமாச்சாரம்: யாரும் பயன்படுத்தாத டேட்டா கேஷில் தங்கும் நேரம், டிஃபால்ட் 5 நிமிடம். 4ஆம் பதிப்பில் இதற்குப் பெயர் கேஷ்டைம். பழைய கோட் எடுத்துக் காப்பி செய்பவர்கள் இங்கே இடறுவார்கள்.

பொருளைச் சேர்க்க, திருத்த யூஸ்மியூடேஷன். வேலை வெற்றியாக முடிந்ததும் ஓடும் அதன் ஆன்சக்ஸஸில், கேஷில் உள்ளதைப் பழசு என்று குறிக்கும் இன்வாலிடேட்குவெரீஸை அழைத்து, குவெரிகீயாக ‘பொருட்கள்’ மட்டும் கொடுங்கள். முன்பகுதி பொருந்தினால் போதும் என்பதால் எல்லாப் பக்கங்களும் பழசாகும். திரையில் இருப்பது மட்டும் உடனே புதிதாக வரும். அந்த அழைப்பை ரிட்டர்ன் செய்தால், புதுப் பட்டியல் வரும்வரை சேவ் பட்டனை முடக்கி வைக்க, மியூடேஷன் இன்னும் முடியவில்லை என்று சொல்லும் இஸ்பென்டிங் கைகொடுக்கும்.