வாராவாரம் வி.பி.எஸ் நடத்த முடியாது

மே மாதம் பிள்ளைகளுக்கான பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி, அதாவது வி.பி.எஸ், முடிந்த கையோடு பல சபைகளில் இந்தப் பேச்சு எழும். "இவ்வளவு பிள்ளைங்க வந்திருக்காங்க, இதை அப்படியே விட்டுடக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் வாராவாரம் பைபிள் கிளப் வச்சிடலாம்." நல்ல யோசனைதான். ஜூன் மாதம் பேனர் கட்டி, பலூன் ஊதி, ஸ்பீக்கரில் ஆக்‌ஷன் சாங் போட்டு ஆரம்பிப்பார்கள். ஆகஸ்டுக்குள் பிள்ளைகளில் பாதிப் பேரைக் காணோம். ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் வேலை வந்துவிடும். காலாண்டுத் தேர்வுக்காக இரண்டு வாரம் நிறுத்தினால், அதோடு சரி.

பழி வழக்கமாக டியூஷன் மேலும் செல்போன் மேலும் விழும். என் கணிப்பு வேறு: வாரம் ஒருமுறை நடக்க வேண்டியதை வி.பி.எஸ் மாதிரி நடத்தப் பார்க்கிறோம். வி.பி.எஸ் என்பது ஊர்த்திருவிழா போல, ஆள், பணம், தூக்கம் எல்லாவற்றையும் கொட்டி நடத்திவிட்டுப் பிறகு ஓய்வெடுக்கலாம். அது பிறந்ததே விடுமுறைக்காகத்தான். 1898-ல் நியூயார்க்கில் எலைசா ஹாவ்ஸ் என்ற அம்மையார், கோடை விடுமுறையில் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக ஒரு பீர் ஹாலை வாடகைக்கு எடுத்து வேதாகம வகுப்பு நடத்தினார். அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது பள்ளியும் கிடையாது, வீட்டுப்பாடமும் கிடையாது. சனிக்கிழமை உங்களிடம் வருகிற மூன்றாம் வகுப்புப் பிள்ளை அப்படியில்லை. ஐந்து நாள் பள்ளி, ஐந்து நாள் டியூஷன், சில வாரம் சனிக்கிழமையும் பள்ளி. அசந்து வருகிற அந்தப் பிள்ளைக்கு ஒன்பதாவது வாரமும் வரத் தோன்ற வேண்டும். திட்டமிடும்போது அந்த ஒன்பதாவது வாரத்தை நினைத்துத் திட்டமிடாததுதான் முதல் தவறு. மற்றவை அதன் பிள்ளைகள்.

நாலு மணி என்றால் மூணே முக்கால்

நிகழ்ச்சி நாலு மணிக்கு என்று அறிவித்துவிட்டு, ஆசிரியர்கள் நாலு மணிக்கு வந்து கதவைத் திறப்பது அநேக இடங்களில் நடக்கிறது. பிள்ளைகள் மூணே முக்காலுக்கே வந்துவிடுவார்கள். வீட்டில் விட்டுப்போக ஆளில்லாத பிள்ளைகள் மூன்றரைக்கே வருவார்கள். அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடக்கும். அடுக்கி வைத்த பிளாஸ்டிக் சேர்கள் மேல் ஒருவன் ஏறுவான், இன்னொருவன் கீபோர்டின் உறையைக் கழற்றுவான், இரண்டு பேர் பிரசங்க பீடத்து மைக்கைத் தட்டி "ஹலோ ஹலோ" என்பார்கள். நாலு மணிக்கு நீங்கள் உள்ளே நுழையும்போதே கத்தித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அன்றைய கூடுகையின் தொனி அதோடு முடிவாகிவிடும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. மூன்றரைக்கு இரண்டு பேர் வந்து ஒரு பாய் விரித்து, வண்ணம் தீட்டும் தாள், கிரேயான், ஒரு கேரம் போர்டு வைத்துவிட்டால் போதும். வருகிற பிள்ளை நேராக அங்கே போய் உட்காரும். அந்த அரைமணி நேரத்தில் காதில் விழும் கதைகள் ஆசிரியருக்குப் பெரிய உதவி. யாருடைய தாத்தா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், யாருக்கு வகுப்பில் அடி விழுந்தது என்பதெல்லாம் கிரேயான் தேய்க்கும்போதுதான் வெளியே வரும்.

மொத்த நேரம் ஒன்றரை மணிக்கு மேல் போக வேண்டாம். விளையாட்டு, பாட்டு, கதை, வசனம், கையால் ஏதாவது செய்வது, அப்புறம் தின்ன ஏதாவது. கதைக்கு 12 முதல் 15 நிமிடம் தாராளம். ஒன்றாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்துப் பாடம் நடத்தாதீர்கள். பாட்டும் விளையாட்டும் சேர்ந்து இருக்கட்டும்; கதைக்கும் பயிற்சித் தாளுக்கும் பிரித்துவிடுங்கள். சின்னவன் பென்சில் பிடித்து ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் பெரியவன் மொத்தத் தாளையும் முடித்துவிட்டு ராக்கெட் செய்து பறக்க விடுவான்.

கதை சொல்ல வந்தவர் பிரசங்கம் பண்ணினால்

வரி வசூலித்த சகேயுவின் கதையை எடுத்துக்கொள்வோம், லூக்கா 19. பலர் அதை இப்படிச் சொல்கிறார்கள்: சகேயு குள்ளன், மரத்தில் ஏறினான், இயேசு கூப்பிட்டார், மனந்திரும்பினான். மூன்று நிமிடத்தில் கதை முடிந்தது. மீதிப் பன்னிரண்டு நிமிடம் "நீங்களும் பொய் சொல்லக் கூடாது, அப்பா அம்மாவுக்குக் கீழ்ப்படியணும், நல்லா படிக்கணும்." எந்தக் கதையை எடுத்தாலும் முடிவு இதே மூன்றுதான். நாலாவது வாரத்தில் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பாடு பிடிபட்டுவிடும். கேள்வி கேட்டால் காதில் வாங்காமலே "இயேசப்பா" என்று பதில் வரும்.

அதே கதையை வேறு மாதிரி சொல்லிப் பாருங்கள். இரண்டாம் வகுப்பிலேயே உயரம் குறைவான பையனை விருப்பம் கேட்டு நிறுத்துங்கள். அவனுக்கு முன்னால் ஐந்தாம் வகுப்பு அண்ணன்கள் ஐந்து பேர் தோளோடு தோள் நிற்கட்டும். அவர்களுக்கு அந்தப் பக்கம் நீங்கள் ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு, "இதுல என்ன இருக்கு, சொல்லு" என்று கேளுங்கள். குதிப்பான், குனிவான், கால்களுக்கு நடுவே தலையை விடுவான். எல்லோரும் சிரித்து முடித்ததும் ஒரு பெஞ்சில் ஏற்றி, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "ஆ, தெரியுது! ஒட்டகம்!" இனி சகேயு ஏன் மரம் ஏறினான் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவன் ஏறிய காட்டத்தி மரம் நம் ஊர் அத்திக்குச் சொந்தம் என்று சொன்னால், ஊரில் தாத்தா வீடு இருக்கிற பிள்ளை ஒன்று உடனே கை தூக்கும். பெரிய பிள்ளைகளிடம் கணக்கு கேளுங்கள். சகேயு யாரிடமாவது 10 ரூபாய் அநியாயமாக வாங்கியிருந்தால், அவன் சொன்னபடி நாலு மடங்கு என்றால் எவ்வளவு திருப்பித் தருவான்? அதுவும் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்ன பிறகு, மிச்சத்தில் இருந்து! மனந்திரும்புதல் என்றால் என்ன என்பது அந்தக் கணக்கில் விளங்கிவிடும். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அதையும் சில வாரம் சொல்லாமல் விடலாம்.

கதையை வேதாகமத்தைப் பார்க்காமல் கார்ட்டூன் நினைவிலிருந்து சொல்வதும் அடிக்கடி நடக்கிறது. ஏதேனில் இருந்தது ஆப்பிள் என்று ஆதியாகமம் சொல்லவில்லை. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எண்ணவில்லை, காணிக்கைகள்தான் மூன்று. யோனாவை விழுங்கியது திமிங்கலம் என்று யோனா புத்தகம் சொல்லவில்லை, "ஒரு பெரிய மீன்" என்கிறது. வீட்டில் ஜெபத்தில் வேதம் வாசிக்கிற ஐந்தாம் வகுப்புப் பெண் இதையெல்லாம் கவனிப்பாள். கேட்டால், "சரியா பிடிச்சிட்டியே, வா பார்ப்போம்" என்று புத்தகத்தைத் திறங்கள். அதட்டி உட்கார வைத்தால் அவளுடைய கேள்வியும் போகும், அடுத்த வாரம் அவளும் வரமாட்டாள்.

எல்லாக் கதையும் எல்லா வயதுக்கும் அல்ல. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிவது அப்பா கையில் இருக்கிற கத்தி மட்டும்தான். நரகத்தை வர்ணித்துப் பயமுறுத்திவிட்டு, "இயேசுவை ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க" என்பதை நான் ஊழியமாகவே நினைப்பதில்லை. ஏழு வயதுப் பிள்ளை பக்கத்தில் இருப்பவன் கை தூக்கினால் தானும் தூக்கும். ஐஸ்கிரீம் வேண்டுமா என்றாலும் அதே கைதான். அதை எண்ணி அறிக்கையில் எழுதுவது யாரை ஏமாற்ற?

வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளை

இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகள் பலர் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். "ஆளுக்கு ஒரு வசனம் வாசிங்க" என்று வரிசையாகக் கொடுத்தால், தன் முறை வருவதற்குள் ஒரு பிள்ளைக்கு வியர்த்துவிடும், மற்றவர்கள் சிரிப்பார்கள். 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரைக்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது அங்கே வந்தவர்கள் வாரம் முழுக்க வேலைக்குப் போன பிள்ளைகள். அவர்களுக்கு அங்கே முதல் வேலையே எழுத்து கற்பதுதான். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகத் தொடங்கிய ஒன்றில் வாசிக்கத் தெரியாததற்காக ஒரு பிள்ளை அவமானப்படக் கூடாது. ஆசிரியர் வாசிக்கட்டும், பிள்ளைகள் விரல் வைத்துத் தொடரட்டும். வாசிக்க ஆசைப்படுகிறவருக்கு முந்தின வாரமே பகுதியைக் கொடுத்தனுப்புங்கள்.

மனப்பாட வசனத்திலும் இதே தவறு. தலைப்புக்குப் பொருந்துகிறது என்று ஒரு நீளமான வசனத்தைப் பெரியவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." சங்கீதம் 56:3. ஐந்தே சொற்கள், இருட்டுக்குப் பயப்படுகிற பிள்ளை அன்று இரவே பயன்படுத்தலாம். போர்டில் எழுதி, ஒவ்வொரு முறை சொன்ன பிறகும் ஒரு சொல்லை அழியுங்கள். எந்தச் சொல்லை அழிப்பது என்று பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். போர்டு காலியாவதற்குள் வசனம் வாயில் இருக்கும்.

பரிசைப் பற்றி ஒன்று. "வசனம் சொன்னா சாக்லேட்" என்று ஆரம்பித்தால் சாக்லேட் இல்லாத வாரம் வசனமும் இருக்காது. வருகைக்குப் பரிசு கொடுப்பது இன்னும் மோசம். ஏழு வயதுப் பிள்ளையின் வருகை அதன் கையில் இல்லை. அம்மாவுக்கு ஷிப்ட் வேலை, கூட்டி வர ஆளில்லை, ஊரில் சாவு. ஆண்டு விழாவில் ஒரு தாத்தா மேடையேறி டிபன் பாக்ஸ் கொடுக்கும்போது, வாங்குவது வழக்கமாகச் சபைக் கமிட்டி உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளாகவே இருக்கும். அதற்குப் பதில் எல்லோரும் சேர்ந்து இத்தனை வசனம் படித்தால் ஒருநாள் பூங்காவுக்குப் போகலாம் என்று வையுங்கள்.

"நம்ம சபைதானே"

இந்த இரண்டு சொற்கள்தான் பெரிய ஆபத்து. எல்லோரையும் தெரியும் என்ற நம்பிக்கையில் ஒரு அண்ணன் தனியாக வகுப்பு எடுப்பார், ஒரு பிள்ளையை மட்டும் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிடுவார், தனியறையில் வைத்து ஜெபிப்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம். விதி அவருக்காக அல்ல, எல்லோருக்கும். எந்த வகுப்பிலும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்க வேண்டும். கழிப்பறைக்குப் பிள்ளைகள் இரண்டு பேராகப் போகட்டும், ஒரு அக்கா வெளியே நிற்கட்டும். யார் கூட்டிப்போவார் என்று நோட்டில் எழுதியிருக்க வேண்டும். "மாமா வந்திருக்கேன்" என்று புதிதாக ஒருவர் வந்தால் அம்மாவுக்கு ஒரு போன். பிள்ளைகளின் போட்டோவைப் பெற்றோரைக் கேட்காமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த தவறான தொடுதலைப் பற்றிச் சொன்னால், "சபை பேர் கெட்டுடும், உள்ளேயே பேசி முடிப்போம்" என்பது பாவம் மட்டுமல்ல, குற்றமும்கூட. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் இருப்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. சிறுவர் உதவி எண் 1098. அதைப் பிள்ளைகள் கண்ணில் படும் சுவரிலேயே ஒட்டுங்கள்.

அடியும் முட்டிபோட வைப்பதும் வேண்டவே வேண்டாம். பள்ளிகளிலேயே 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. சேட்டை செய்கிற பையனுக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்: செருப்புகளை வரிசைப்படுத்துவது, போர்டு அழிப்பது. போதகர் வீட்டுப் பிள்ளையிடம் மட்டும் "நீயே இப்படிச் செய்யலாமா" என்று கேட்பதையும் விட்டுவிடலாம். அதுவும் எட்டு வயதுப் பிள்ளைதான்.

பக்கத்துத் தெருவிலிருந்து விளையாட்டுக்காக இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். இங்கே வேதாகமக் கதை சொல்வோம், ஜெபிப்போம் என்பதைப் பெற்றோரிடம் நேரில் போய்ச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். "சும்மா கேம்ஸ்தான்" என்று மழுப்பாதீர்கள். நெற்றி விபூதியை அழிப்பது, கையில் கட்டிய கயிற்றைப் பற்றிக் கேலி பேசுவது, அவர்கள் வீட்டுச் சாமியை இழிவாகச் சொல்வது எதுவும் கூடாது. அது மரியாதைக்கேடு. பிள்ளை அதை வீட்டில் அப்படியே போய்ச் சொல்லும், தெரு முழுக்கப் பகையாகும்.

ஆளும் காலண்டரும்

ஆள் கிடைக்கவில்லை என்று வாரத்துக்கு ஒரு ஆசிரியர் சுழற்சி போடுகிறார்கள். பெரியவர்களுக்கு வசதி. பிள்ளைகளோ "ஸ்டெல்லா அக்கா வருவாங்களா" என்று கேட்டுத்தான் வருகின்றன. பாடத்தின் தலைப்பைக் கேட்டு அல்ல. இருபது பிள்ளைகளுக்கு நான்கு பெரியவர்கள் மூன்று மாதம் தொடர்ந்து வரட்டும், அப்புறம் ஒரு மாதம் ஓய்வு. பதினொன்றாம் வகுப்புத் தங்கைகள் உதவிக்கு வரலாம். முழுப் பாரத்தையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டுப் பெரியவர்கள் வெளியே டீ குடிக்கக் கூடாது. தின்பண்டத்துக்குச் சுண்டலும் வாழைப்பழமும் போதும். கடலை மிட்டாய் கொடுக்குமுன் யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று சேர்க்கைப் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள்.

வருடம் முழுக்க இடைவிடாமல் நடத்தும் ஆசையையும் விட்டுவிடலாம். ஜூன் நடுவில் ஆரம்பித்து காலாண்டுத் தேர்வுக்கு முன் நிறுத்துங்கள். அக்டோபரில் மறுபடி தொடங்கி நவம்பர் கடைசியில் முடியுங்கள். டிசம்பர் சனிக்கிழமைகளை எப்படியும் கேரல் சர்வீஸும் நாடக ஒத்திகையும் எடுத்துக்கொள்ளும். பொங்கல் கழிந்து பிப்ரவரி கடைசி வரை மூன்றாவது சுற்று. இந்தத் தேதிகளை முதல் நாளே ஒரு அட்டையில் அச்சடித்துக் கையில் கொடுத்தால், பெற்றோர் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைப்பார்கள். தொடங்குகிற தேதியோடு முடிகிற தேதியும் அதில் இருக்க வேண்டும். முடியும் நாள் தெரிந்தால்தான் "அந்தப் பத்து வாரம் நான் வர்றேன்" என்று ஒரு ஆசிரியர் துணிந்து பெயர் கொடுப்பார்.