செக்ரோல் கணினிக்குக் காவல்: வின்டோஸ் 11இல் கையோடு இருக்கும் வசதிகள்

தோட்டத்து ஆபிஸில் நாலைந்து கணினி இருக்கும். ஒன்றில் செக்ரோல் (தொழிலாளரின் வேலைநாளும் சம்பளமும் பதியும் கணக்கு), ஒன்றில் ஸ்டோர் கணக்கு. தனியாக ஐ.டி. ஆள் இருக்கமாட்டார், கிளாக்கர்மாரில் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் தலையில்தான் எல்லாம் விழும். இந்த விளக்கம் அவருக்கு. புதிதாக எந்த சொஃப்ட்வெயாரும் வாங்க வேண்டாம்.

முதலில் செட்டிங்ஸ் > சிஸ்டம் > அபவுட் போய்ப் பதிப்பைப் பாருங்கள். 'ப்ரோ' என்று இருந்தால் கீழே சொல்வதெல்லாம் செய்யலாம். 'ஹோம்' என்றால் டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லொக்கர் முழுதாகக் கிடையாது, மற்றவை ஓடும். வின்டோஸ் 10 என்றால் அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. முதல் வேலை அதை மாற்றுவதுதான்.

படி 1: அட்மின் வேறு, வேலை வேறு

முழு உரிமை உள்ள அட்மின் எக்கவுண்ட் ஒன்றைத் தனியாகப் போடுங்கள்: செட்டிங்ஸ் > எக்கவுண்ட்ஸ் > அதர் யூசர்ஸ் > எட் எக்கவுண்ட். மின்னஞ்சல் கேட்கும் இடத்தில், அந்த ஆளின் விபரம் இல்லை என்பதை அழுத்தி, மைக்ரோசொஃப்ட் எக்கவுண்ட் இல்லாமல் சேர்ப்பதைத் தெரிவு செய்யுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்த பிறகு 'சேஞ்ச் எக்கவுண்ட் டைப்' போய் அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். அதற்குள் ஒரு தடவை நுழைந்து பாருங்கள். அது சரியாக வந்தால் மட்டும், செக்ரோல் போடுபவரின் எக்கவுண்டை 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆக மாற்றுங்கள்.

மாற்றியதும் பழைய செக்ரோல் மென்பொருள் முரண்டு பிடிக்கலாம். சில 32 பிட் மென்பொருள்கள் தரவை 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். ஸ்டாண்டர்ட் யூசருக்கு அங்கே எழுத உரிமை இல்லாததால், வின்டோஸ் சத்தமில்லாமல் அதை அந்த ஆளின் சொந்த 'வேர்ச்சுவல் ஸ்டோர்' ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். பெரிய கிளாக்கர் போட்ட பேர் (வேலைநாள் பதிவு) சின்னக் கிளாக்கர் நுழைந்தால் காணாமல் போவது இதனால்தான். திரும்ப அட்மின் ஆக்கிவிடாதீர்கள். அந்த மென்பொருளின் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, ப்ரொபர்டீஸ் > செக்யூரிட்டி > எடிட் போய், 'யூசர்ஸ்' என்பதற்கு 'மொடிஃபை' உரிமை கொடுங்கள். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும். ஏற்கனவே வேர்ச்சுவல் ஸ்டோருக்குள் போன தரவு தானாகத் திரும்பி வராது. அதைத் தேடி எடுக்க வேண்டும்.

படி 2: பிட்லொக்கர்

மடிக்கணினி பஸ்ஸில் தொலைந்தால், டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலே சம்பள விபரம் முழுவதும் வெளியே வந்துவிடும். இதைத் தடுப்பது பிட்லொக்கர். ஸ்டார்ட்டில் 'மெனேஜ் பிட்லொக்கர்' என்று தேடித் திறந்து, சி டிரைவுக்கு 'டேர்ன் ஒன்' அழுத்துங்கள். பழைய கணினிக்கு 'என்டயர் டிரைவ்' தெரிவு செய்யுங்கள். அழித்த ஃபைல்களின் மிச்சமும் மூடப்படும். நடுவில் கரண்ட் போனால் பயமில்லை, திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பூட்டிய டிஸ்க்கைத் திறக்க வின்டோஸ் தரும் மீட்புச் சாவி 48 இலக்கம், ஆறாறாக எட்டுக் கூட்டம். இது தொலைந்தால் தரவும் போச்சு. இரண்டு பிரதி அச்சிட்டு, எந்தக் கணினி என்று மேலே எழுதி, ஒன்றை ஆபிஸ் இரும்புப் பெட்டியில் வையுங்கள். பென் டிரைவில் ஒரு பிரதி இருக்கட்டும்.

பிரிண்டர் இல்லாமல் கையால் எழுதினால் ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு கூட்டமும் 11ஆல் மீதியின்றி வகுபடும். 271436 வகுபடும், ஓர் இலக்கம் இடம் மாறி 274136 என்று எழுதிவிட்டால் மீதி 5 வரும். எட்டையும் கல்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

சில புதுக் கணினிகளில், யாராவது சொந்த மைக்ரோசொஃப்ட் எக்கவுண்டில் நுழைந்ததுமே குறியாக்கம் தானாக ஏறி, சாவி அவர் எக்கவுண்டுக்குப் போய்விடும். அவர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போகும் முன்பே சாவியை எடுத்து வையுங்கள். பயோஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்கு முன் பிட்லொக்கரில் 'சஸ்பென்ட்' அழுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை கணினியைப் போடும்போது சாவி கேட்கும்.

படி 3: டேட்டாவை ஒரு தடவை மட்டும் செலவழிக்க

சிம் ரவுட்டரில் ஓடும் ஆபிஸில், ஒரே அப்டேட்டை ஐந்து கணினியும் தனித்தனியே இறக்கினால் பெக்கேஜ் மாத நடுவிலேயே தீரும். ஒவ்வொரு கணினியிலும் செட்டிங்ஸ் > வின்டோஸ் அப்டேட் > அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் > டெலிவரி ஒப்டிமைசேஷன் (ஒரு கணினி இறக்கியதை மற்றவை அதிலிருந்து வாங்கிக்கொள்ளும் வசதி) போய் அனுமதியை ஒன் செய்து, 'லோக்கல் நெட்வேர்க்' மட்டும் என்பதைத் தெரிவு செய்யுங்கள். இன்டர்நெட்டில் உள்ள கணினிகளையும் சேர்க்கும் தெரிவு வேண்டாம். உங்கள் டேட்டாவில் ஊருக்கு அப்டேட் அனுப்புவதாகும்.

மாதாந்த அப்டேட் இரண்டாம் செவ்வாய் இரவு வரும். மற்றக் கணினிகளில் அப்டேட்டை 'போஸ்' செய்துவிட்டு, புதன்கிழமை ஒன்றில் மட்டும் இறக்குங்கள். அது முடிந்ததும் மற்றவற்றைத் திறந்துவிடுங்கள். தள்ளிப்போடாதீர்கள், இறக்கிய கணினி அந்தத் துண்டுகளைச் சாதாரணமாக 3 நாள்தான் வைத்திருக்கும். வேலை செய்கிறதா என்பதை அதே பக்கத்தின் 'அக்டிவிட்டி மொனிட்டர்' சொல்லும். லோக்கல் பங்கு பூச்சியமாகவே இருந்தால் காரணம் பெரும்பாலும் இவைதான்: ஒரு கணினி தனி டொங்கிளில் இருக்கிறது, வைஃபை 'கெஸ்ட்' நெட்வேர்க்கில் இருக்கிறது, அல்லது முதல் மடிக்கணினி சார்ஜர் இல்லாமல் பெட்டரியில் ஓடுகிறது.

படி 4: கணினி ஏன் நின்றது?

மார்ச், ஏப்ரல், பிறகு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் இடி முழக்கத்தோடு கரண்ட் போய் வருவது மலைநாட்டில் வழக்கம்தான். ஆனால் கரண்ட் போனதா, கணினியே பழுதா, யாராவது நிறுத்தினாரா என்பதை ஊகிக்கத் தேவையில்லை. கணினி தானே எழுதிவைக்கும் பதிவேட்டைப் பாருங்கள். ஈவென்ட் வியூவர் > வின்டோஸ் லொக்ஸ் > சிஸ்டம் போய், 'ஃபில்டர் கரண்ட் லொக்'கில் 41, 1074, 6008 என்ற நிகழ்வு எண்களைக் கொடுங்கள். 1074 என்றால் ஓர் ஆளோ ஒரு ப்ரோகிராமோ முறைப்படி நிறுத்தியது, பெயரும் இருக்கும். 41உம் 6008உம் என்றால் முறையாக மூடாமல் நின்றது. 41இன் விபரத்தில் 'பக்செக் கோட்' பூச்சியமாக இருந்தால் பெரும்பாலும் கரண்ட், பவர் சப்ளை அல்லது கணினி உறைந்து போய் யாரோ பட்டனை அழுத்திப் பிடித்தது. வேறு எண் இருந்தால் நீலத்திரை விழுந்திருக்கிறது. டிரைவரையும் ரெம்மையும் (நினைவகம்) பாருங்கள். 41 பதிவாவது கணினியைத் திரும்பப் போட்ட நேரத்தில்தான், அதனால் நின்ற நேரத்தை 6008இன் விபரத்தில் பாருங்கள். ஐந்து கணினியிலும் அது கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் கரண்ட்தான். ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் கணினியின் யூ.பி.எஸ். பெட்டரியை முதலில் சோதியுங்கள்.