மழையும் தார்ப்பாயும்: ஸ்டோயிக் பயிற்சியைத் தொடங்குகிறவர்களுக்கு

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசியில், காய்ந்துகொண்டிருந்த நாற்பது கிலோ நெத்திலியை மழையில் நனையவிட்டேன். தூங்கிப்போயிருந்தேன் என்றால்கூட வீட்டில் மன்னித்திருப்பார்கள். தத்துவம் படித்ததால் நனையவிட்டேன்.

பாம்பனில் எங்களுக்குக் கருவாட்டு வியாபாரம். ஏலத்தில் மீன் எடுத்து, உப்பிட்டு, காயவைத்து, மதுரைப் பக்கம் அனுப்புவோம். அந்த மாதம் ஸ்டோயிக் தத்துவ ஆசிரியர் எபிக்டெட்டஸின் கைநூலைப் படித்துக்கொண்டிருந்தேன். சில விஷயங்கள் நம் வசத்தில் உள்ளவை, சில இல்லாதவை என்றுதான் அது தொடங்குகிறது. வடக்கே வானம் கறுத்தது. மழை என் வசத்தில் இல்லை என்று சொல்லிக்கொண்டு தேநீரை உறிஞ்சினேன். மனம் குளம்போல் இருந்தது. அம்மா வாசலுக்கு வந்து பார்த்தார். "ஏனடா, மழை உன் கையில் இல்லை, சரி. தார்ப்பாய் யார் கையில் இருக்கிறது?"

அந்த ஒரு கேள்விக்கு விடை தேடியதில் கற்றதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஸ்டோயிக்குகள் யார், எப்போது வாழ்ந்தார்கள் என்பதையெல்லாம் விரிவாகச் சொல்லப்போவதில்லை. கி.மு. 300 வாக்கில் சீனோ என்ற வணிகர், கப்பல் உடைந்து சரக்கை இழந்தபின் ஏதென்ஸில் ஒரு தூண் தாழ்வாரத்தில் பாடம் நடத்தினார். தாழ்வாரத்துக்குக் கிரேக்கத்தில் ஸ்டோவா என்று பெயர், ஸ்டோயிக் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இவ்வளவு போதும். கடலில் சரக்கை இழந்தவர் தொடங்கிய பள்ளி என்பதாலோ என்னவோ, எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை.

முன்தயாரிப்பு

ஒரு பென்சில். ஒரு தினசரி காலண்டர்.

அலைபேசிச் செயலிகள் சிலவற்றை முயன்று பார்த்தேன். பளிங்குச் சிலை முகம் ஒன்றைக் காட்டி, தினம் ஒரு வாசகம் அனுப்பும். வாசகத்தைப் படித்ததும் ஏதோ செய்துமுடித்த திருப்தி வந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. மார்க்கஸ் அரேலியஸின் வரியை வாட்ஸ்அப் நிலைப்படமாக வைப்பது பயிற்சியில் சேராது. அவர் ரோமப் பேரரசராக இருந்துகொண்டு தனக்காக மட்டும் எழுதிக்கொண்ட குறிப்புகள் அவை.

எனக்கு ஒத்துவந்தது, நகைக்கடையில் இலவசமாகக் கொடுக்கும் தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கம். முன்பக்கத்தில் ராசிபலன், பின்பக்கத்தில் நம் பலன். இடம் குறைவு என்பதால் புலம்பல் நீளாது. பின்பக்கமும் அச்சடித்த காலண்டர்கள் உண்டு, அவற்றை வாங்காதீர்கள். பேனா வேண்டாம்: கடற்காற்றில் தாள் நமுத்துப்போகிறது, நமக்கோ கையில் எப்போதும் மீனெண்ணெய், பேனா வழுக்குகிறது.

படிக்க விரும்பினால் கைநூலிலிருந்து தொடங்குங்கள். ஐம்பது சொச்சம் சிறு பகுதிகள்தான். எபிக்டெட்டஸ் தானாக எதையும் எழுதவில்லை, மாணவர் ஆரியன் எழுதிவைத்தது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ரோம ஸ்டோயிக் எழுத்தாளர் செனெக்காவின் 124 கடிதங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: கவலையை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

"எல்லாமே சரியில்லை" என்று எழுதக்கூடாது. "மதுரை வியாபாரி மூன்று வாரமாகப் பணம் அனுப்பவில்லை" என்று எழுத வேண்டும். அவ்வளவுதான், அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: வாக்கியத்தை உடையுங்கள் (நான் விழுந்த இடம்)

பெரும்பாலான விளக்கங்கள் தாளின் நடுவே ஒரு கோடு போடச் சொல்லும். இடப்பக்கம் நம் வசம், வலப்பக்கம் நம் வசம் இல்லாதது. நானும் அப்படித்தான் செய்தேன். மழையை வலப்பக்கம் எழுதினேன், சரியாகத்தான் எழுதினேன், நெத்திலி போயிற்று. வலப்பக்கம் எழுதியவுடன் நம் வேலை முடிந்துவிட்டது என்ற மயக்கம் வருகிறது. சோம்பேறிக்கு இதைவிட வசதியான தத்துவம் கிடையாது. "நம் கையில் என்ன இருக்கிறது" என்று நம் ஊரில் பெருமூச்சோடு சொல்வோமே, அதற்கு எபிக்டெட்டஸ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

பிழை எங்கே? ஒரு கவலை முழுதாக ஒரு பக்கத்தில் உட்காராது. நண்டை ஓட்டோடு விழுங்க முடியாது. காலைத் தனியாக, உடலைத் தனியாக உடைத்தால்தான் சதை எது, ஓடு எது என்று தெரியும். ஆகவே முதலில் உடையுங்கள், குறைந்தது ஐந்து துண்டு. அதன்பிறகு பக்கம் பிரியுங்கள்.

மதுரை வியாபாரியை நான் உடைத்தது இப்படி: அவருக்குத் தர மனம் இருக்கிறதா என்பது. அவர் கடையில் சரக்கு விற்றதா என்பது. நான் நாகரிகமாக ஒரு முறையாவது நினைவூட்டினேனா என்பது. அனுப்பும்போது தொகையை எழுதி வாங்கினேனா என்பது. அடுத்த மூட்டையையும் கடனுக்கே அனுப்புவதா என்பது. அந்த எரிச்சலை மகளின் கணக்கு நோட்டின்மேல் காட்டுவதா என்பது.

முதல் இரண்டும் என்னுடையவை அல்ல. மீதி நான்கும் என்னுடையவை. மூன்று வாரமாக நான் மென்றுகொண்டிருந்தது அந்த முதல் இரண்டை மட்டும்தான்.

மழையையும் பிறகு உடைத்துப் பார்த்தேன். மேகம், காற்று, நேரம் எனக்கு இல்லை. ஐப்பசி என்று தெரிந்தும் மணலில் விரித்தது, தார்ப்பாயை மாடியில் போட்டிருந்தது, வானம் கறுத்தும் எழாதது எல்லாம் எனக்கு.

எபிக்டெட்டஸே ஒரு சொற்பொழிவில் கப்பலுக்குக் காத்திருப்பவர்களைக் கேலி செய்கிறார். உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்க்கிறார்களாம், என்ன காற்று அடிக்கிறது என்று. வாடை. மேல்காற்று எப்போது வரும்? அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வரும் ஐயா, காற்றுக்கு அதிகாரியாகக் கடவுள் உன்னை நியமிக்கவில்லையே என்கிறார். பாம்பன் தெற்குவாடியில் நின்று கச்சான் காற்றைத் திட்டும் எவருக்கும் இது உறைக்கும். ஆனால் திட்டுகிற அதே ஆள்தான் தென்கடல் பொங்கும் மாதங்களில் வடகடலுக்குப் படகைக் கொண்டுபோகிறார். காற்றை விட்டுவிட்டுப் படகைக் கவனிப்பது அவருக்கு ஏற்கெனவே கைவந்த கலை. வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறார்.

படி 3: "காற்று விட்டால்"

உங்கள் துண்டுகளில் ஒன்றைச் செய்யப்போகிறீர்கள் அல்லவா? செய்யும்முன் ஒரு சிறு தொடரை ஒட்டிக்கொள்ளுங்கள். செனெக்கா தரும் உதாரணம் கடற்பயணம்தான்: "ஏதும் குறுக்கிடாவிட்டால் கப்பலேறுவேன்." முழு முயற்சியோடு கிளம்ப வேண்டும், ஆனால் போய்ச்சேர்வதைத் தன் உரிமையாக எழுதிக்கொள்ளக் கூடாது.

நம் கரையில் இதற்குப் பயிற்சியே தேவையில்லை என்று ஒருநாள் உறைத்தது. கீழக்கரையில் "இன்ஷா அல்லாஹ்" இல்லாமல் நாளைப் பற்றி ஒரு வாக்கியம் முடியாது. தங்கச்சிமடத்தில் "ஆண்டவர் சித்தமிருந்தால்" என்பார்கள். என் தாத்தா "காற்று விட்டால் வருகிறேன்" என்பார், உள்ளூர்க் கல்யாணத்துக்குக்கூட. வாய் சொல்லிவிடுகிறது, மனம் சொல்வதில்லை. அதனால் எழுதுங்கள்: "இன்று மூன்று மணிக்கு வியாபாரியிடம் பேசுவேன், காற்று விட்டால்." அவர் எடுக்காவிட்டால் தாளில் தோல்வி என்று குறிக்க வேண்டாம். நீங்கள் அழைக்காவிட்டால் குறியுங்கள்.

படி 4: காலையில் ஏலம்

குளிக்கப் பொதுக் குளியலறைக்குப் போகிறாயா, அங்கே நீரை வாரியடிப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடுவார்கள் என்று முன்பே நினைத்துக்கொள் என்கிறது கைநூல். குளிக்கவும் வேண்டும், என் மனத்தை ஒழுங்காக வைத்திருக்கவும் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போ என்கிறது.

நான் கரைக்குப் போகும்முன் இதை வண்டியை உதைக்கும் நேரத்தில் சொல்லிக்கொள்கிறேன். இன்று ஈரக்கூடை என் சட்டையில் உரசும். ஒருவர் வேண்டுமென்றே விலையை ஏற்றிவிட்டு விலகுவார். ஐஸ் கரைந்திருக்கும். நான் நெத்திலி வாங்கவும் போகிறேன், நிதானத்தோடு திரும்பவும் போகிறேன். அரை நிமிடம் ஆகும். மார்க்கஸ் அரேலியஸும் ஏறக்குறைய இதையே சொல்கிறார், நன்றிகெட்டவர்களையும் பொறாமைக்காரர்களையும் இன்று சந்திப்பேன் என்று. விடியலில் எனக்கு அது கொஞ்சம் கனமாக இருக்கிறது. குளியலறையே போதும்.

படி 5: இரவில் கணக்கு

செனெக்கா விளக்கை அணைத்தபின், மனைவி பேச்சை நிறுத்தியபின், அன்றைய நாளை முழுதாகத் திருப்பிப் பார்ப்பாராம். அந்த வாக்குவாதத்தில் கொஞ்சம் காரமாகப் பேசிவிட்டாய் என்று தனக்கே சொல்வார். பிறகு, "இனி இதைச் செய்யாமல் பார்த்துக்கொள், இப்போதைக்கு மன்னிக்கிறேன்." இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முதல் மாதம் நான் அதை விட்டுவிட்டு, தாள் தாளாக என்னையே திட்டி எழுதினேன், தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

எங்கள் வீட்டில் விளக்கணைத்தபின் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. எனவே சாப்பாட்டுக்கு முன்பே தாளை முடித்துவிடுகிறேன்.

சில நாட்கள் எளிய உணவு, முரட்டு உடையோடு வாழ்ந்து பார்த்து, "இதற்கா பயந்தேன்?" என்று கேட்கும் பயிற்சியும் செனெக்காவிடம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் உள்ள கரையில் அதைத் தனிப் படியாக எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பிற்சேர்க்கை

முதலில் எழுதியபோது நான்காம் படி இப்படி இல்லை. வரக்கூடியதில் மிக மோசமானதைக் கற்பனை செய்யுங்கள் என்று பொதுவாக எழுதியிருந்தேன். நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவரின் மனைவி ஒருவர், இரவில் அதைச் செய்து விடியும்வரை அழுததாக எழுதியிருந்தார். தவறு என்னுடையது. இப்போது சொல்கிறேன்: காலையில் மட்டும், சிறிய தொல்லைகளுக்கு மட்டும், "அப்போது நான் என்ன செய்வேன்" என்பதோடு சேர்த்து மட்டும். குழந்தையை முத்தமிடும்போது அது சாகக்கூடியது என்று நினைத்துக்கொள் என எபிக்டெட்டஸ் சொல்வதை நான் பின்பற்றுவதில்லை. 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, மரணத்தை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

எடையில் ஏமாற்றுகிறவனையும் பொறுத்துப்போக வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டார். வேண்டாம். ஸ்டோயிக்குகள் போற்றிய நான்கு அறங்களில் நீதியும் ஒன்று. செய்வதால் மட்டுமல்ல, செய்யாமல் விடுவதாலும் அநீதி நேரும் என்று மார்க்கஸ் எழுதியிருக்கிறார். முத்திரை இல்லாத தராசைப் பற்றித் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். புகார் உங்கள் துண்டு, நடவடிக்கை அவர்கள் துண்டு, நடவடிக்கை வராவிட்டால் இரண்டாவது புகார் மறுபடியும் உங்கள் துண்டு.

மிகக் கூர்மையான திருத்தம் ஒரு கல்லூரி ஆசிரியரிடமிருந்து வந்தது. உடலும் உடைமையும் நம் வசத்தில் இல்லை என்றல்லவா எபிக்டெட்டஸ் சொல்கிறார், அப்படியென்றால் தார்ப்பாயும் உங்கள் கையில் இல்லை, எழுந்துபோய் எடுக்க முடிவு செய்வது மட்டும்தானே உங்களுடையது என்றார். உண்மைதான். சென்ற கார்த்திகையில் முதல் தூறலுக்கே எழுந்து ஓடினேன். தார்ப்பாயைப் பக்கத்து வீட்டார் கேட்டு வாங்கிப்போயிருந்தார்கள், கொடுத்தது அம்மா. பழைய வலையும் சாக்கும் போட்டு மூடினோம். பாதி தப்பியது. அன்றைய தாளில் குறை எதுவும் எழுதவில்லை.

தத்துவத்தை விட்டுவிட்டுத் தார்ப்பாயைப் பற்றி மட்டும் கேட்டவர்களுக்கு: நான்கு மூலையில் கல் வைத்தால் போதாது, வாடைக்காற்று நடுவில் புகுந்து தூக்கிவிடும். மேலே பழைய வலையை விரித்து, ஓரங்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள்.