நடிப்பிலிருந்து ராப்புக்கு: டிரேக்கைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

தமிழ்த்தினப் போட்டிக்கு நான் நாடகம் பழக்கிய பிள்ளைகளில் சிலர் இப்போது ராப் எழுதுகிறார்கள். முள்ளியவளையில் கோவலன் கூத்து ஆடிய ஒரு பெடியன், உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்த ஒரு பிள்ளை, கிளிநொச்சியில் வில்லுப்பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடிய இரண்டு பேர். யாரைக் கேட்டாலும் கனடாவின் ராப் பாடகர் டிரேக்கின் பெயரைத்தான் சொல்வார்கள். "டிரேக்கும் நடிகராத்தானே சேர் தொடங்கினவர்!"

தொடங்கினவர்தான். ஆனால் அவருடைய கதையில் பாதிதான் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பாதியை நம்பி எடுக்கிற முடிவுகளை அருகில் இருந்து பார்க்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

ஓப்ரி டிரேக் கிரகாம் 1986 ஒக்டோபர் 24 அன்று ரொறன்ரோவில் பிறந்தார். எங்கள் சித்தப்பாமாரும் பெரியம்மாமாரும் போய்ச் சேர்ந்த அதே நகரம். தகப்பன் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து ட்ரம்ஸ் கலைஞர், தாய் ஆசிரியை. ஐந்து வயதில் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். கூடப் படித்த ஒரு மாணவனின் தகப்பன் நடிகர்களுக்கான முகவர். அந்த வழியாக 2001 இல் 'டெகிராசி' என்ற பள்ளிக்கூடத் தொலைக்காட்சித் தொடரில் இடம் கிடைத்தது. பாத்திரத்தின் பெயர் ஜிம்மி ப்ரூக்ஸ். கூடைப்பந்து விளையாடுகிற ஜிம்மியை ஒருநாள் சக மாணவன் பள்ளிக்கூடத்திலேயே சுட்டுவிடுகிறான். அதற்குப் பிறகு அந்தப் பாத்திரத்துக்குச் சக்கர நாற்காலிதான்.

"விட்டால்தான் வரும்" என்ற அவசரம்

நடிப்பை உதறிவிட்டு ஒரே பாய்ச்சலில் பாட்டுக்கு வந்தார் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். காலக்கணக்கைப் பாருங்கள். முதல் மிக்ஸ்டேப் (முறையான இசைத்தொகுப்புக்கு முன்னால் தானாக வெளியிடுகிற பாட்டுத் தொகுப்பு) 2006, இரண்டாவது 2007. இரண்டும் வந்தபோது அவர் இன்னும் தொடரில் சம்பளத்துக்கு நடித்துக்கொண்டிருந்தார். உலகம் திரும்பிப் பார்த்தது 2009 பெப்ரவரியில் வந்த மூன்றாவது தொகுப்பைத்தான். முதல் முழு இசைத்தொகுப்பு 2010 ஜூனில் வந்து, முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 4,47,000 பிரதிகள் விற்றது. முதல் மிக்ஸ்டேப்பிலிருந்து அந்த வாரம் வரை நாலு வருடம்.

இன்னொன்றும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட அவர், உலகப் புகழுக்குப் பிறகு, 2012 இல் திரும்பப் படித்து உயர்பள்ளிச் சான்றிதழை வாங்கினார். இங்கே சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது "இனி ராப்தான்" என்று கொப்பியை மூடுகிற தம்பி இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேடத்தைச் சொந்த வாழ்க்கையாகப் பாடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான்.

போன வருடம் ஒரு பெடியன் பாட்டு எழுதிக்கொண்டு வந்தான். முதல் வரி: "செல்லு வந்து விழுந்தது, என்ர கால் போச்சு." செல்லு என்றால் எறிகணை. அவன் பிறந்தது 2007 இல். 2009 போரில் மாத்தளனில் கால் போனது அவனுடைய மாமாவுக்கு. பெடியனுக்கு இரண்டு காலும் இருக்கிறது, நன்றாகக் கிரிக்கெட் விளையாடுவான். அவன் பொய் சொல்ல நினைக்கவில்லை. நாடகத்தில் பழகினபடி, துயரப்பட்ட ஆளின் இடத்தில் நின்று பேசினான், அவ்வளவுதான்.

நாடகத்தில் அது சரி. கூத்திலும் சரி. எங்கள் கூத்தில் ஒரு பாத்திரம் களரிக்கு வரும்போது வரவு பாடித்தான் வரும். நான் இன்னார், இந்த நாட்டு ராசன் என்று தன்னை அறிவித்துவிட்டுத்தான் கதையைத் தொடங்கும். வன்னியில் யானை பிடித்த அரியாத்தைக்காக அவள் கணவன் வேலப்பணிக்கன் அழுவதாக அமைந்த ஒப்பாரி இருக்கிறது. அதைப் பாடுகிற ஆள் வேலப்பணிக்கன் இல்லை என்பது கேட்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ராப்பில் வரவு இல்லை. அங்கே "நான்" என்று ஒருவன் சொன்னால், மைக்கைப் பிடித்து நிற்கிற அவனைத்தான் கேட்கிறவன் நினைப்பான்.

அதுவும் எங்கள் ஊரில். மண்டபத்தின் முன்வரிசையில் உண்மையிலேயே சக்கர நாற்காலியில் ஒருவர் இருப்பார். பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு இன்னொருவர் இருப்பார். அவர்களுக்கு முன்னால் இந்த வரியைப் பாட முடியுமா என்று அவனைக் கேட்டேன். பேசாமல் இருந்தான்.

டிரேக்கை இந்த இடத்தில்தான் கவனிக்க வேண்டும். பல வருடம் சுடப்பட்ட பெடியனாகச் சக்கர நாற்காலியில் நடித்தவர், அந்தக் காயத்தைத் தன் காயமாக்கிப் பாட வரவில்லை. அவர் பாடியது காதலில் தோற்றது, பணம் வந்த பிறகு ஆட்கள் மாறியது, தாயைப் பற்றிய கவலை. "சக்கர நாற்காலி ஜிம்மி" என்று கேலி செய்தவர்கள் நிறையப் பேர். அவர் அந்தப் பழைய வேலையை மறைக்கவும் இல்லை. 2018 இல் ஒரு பாட்டுக்குக் காணொளி எடுத்தபோது, அந்தத் தொடரில் கூட நடித்த ஆட்களையே கூட்டி வைத்து எடுத்தார்.

அமெரிக்க ராப் பாடகர் டூபாக்கை உதாரணம் காட்டுகிற பிள்ளைகளும் உண்டு. அவரும் மேடையில் தொடங்கியவர்தான். சிறுவனாக நியூயோர்க்கின் அப்பொலோ அரங்கில் நடித்தார், பிறகு பால்ரிமோர் கலைப் பள்ளியில் நடிப்பும் கவிதையும் படித்தார். 1991 நவம்பரில் முதல் இசைத்தொகுப்பு, இரண்டு மாதத்தில் துப்பாக்கி மோகம் பிடித்த இளைஞனாக அவர் நடித்த படம். அந்தப் பாத்திரத்தை விட்டு அவர் வெளியே வரவேயில்லை என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மனிதனின் வாழ்க்கையை அப்படி ஒரு வரியில் முடிப்பது சரியில்லை என்பது என் எண்ணம். ஆனால் 1996 இல் சுடப்பட்டு இறந்தபோது அவருக்கு வயது 25 தான். அந்தப் படத்தின் காட்சிகளை வட்ஸ்அப் ஸ்டேடஸில் போடுகிற பிள்ளைகளுக்கு இந்த வயதையும் சேர்த்துச் சொல்லுகிறேன்.

மற்றவர் எழுதிய ஏட்டைச் சொந்தமாகப் பாடுவது

கூத்தில் அதைப் பழக்குகிற அண்ணாவியார் தருகிற பாட்டை நாங்கள் மனப்பாடம் செய்வோம். அதில் குறைவு எதுவும் இல்லை, அந்தக் கலையின் முறையே அதுதான். ராப்பில் முறை வேறு. 2015 ஜூலையில் மீக் மில் என்ற ராப் பாடகர், டிரேக் தன் வரிகளைத் தானே எழுதுவதில்லை என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். டிரேக் பதிலுக்கு அடுத்தடுத்து இரண்டு பாட்டுப் போட்டு அந்தச் சண்டையில் மேலே நின்றார். என்றாலும் அந்தப் பேச்சு இன்றுவரை அவரை விட்டுப் போகவில்லை. நடிகராக இருந்து வந்தவர்மேல் "எழுதிக் கொடுத்ததைச் சொல்லுகிறான்" என்ற சந்தேகம் இரட்டிப்பாகத்தான் விழும். தமிழ் வாத்தியார் ஒரு வரியைத் திருத்தித் தந்தாரென்றால், பாட்டின் விவரத்தில் அவர் பெயரையும் போடுங்கள்.

குரலை எறிவது, மூச்சை மறப்பது

மேடை நடிகன் கடைசி வாங்கில் இருக்கிற கிழவிக்கும் கேட்க வேண்டும் என்று குரலை எறிவான். மைக்குக்கு அது தேவையில்லை. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக்கை வைத்து, பக்கத்தில் இருக்கிற ஆளுடன் கதைக்கிற அளவில் பாடினாலே போதும். ரெக்கோர்டிங் அளவுகோல் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பைத் தொட்டு உடைந்த குரலைப் பிறகு யாராலும் ஒட்ட முடியாது. "ப" போன்ற எழுத்துகள் காற்றோடு வெடிப்பதால், மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள்.

அடுத்தது மூச்சு. கூத்தில் நாங்கள் ஒரு அடியைப் பாடி நிறுத்தினால் பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் நாங்கள் மூச்செடுப்போம். ராப்பில் அந்த உதவி இல்லை. நிமிடத்துக்கு 90 தட்டு ஓடுகிற பீட்டில் (பாட்டுக்குப் பின்னால் ஓடுகிற இசை), நாலு தட்டுக் கொண்ட ஒரு பார் ஏறக்குறைய 2.7 விநாடி. பதினாறு பார் என்றால் 43 விநாடி, ஒரே ஆள், ஒரே வாய். ஆகவே எழுதும்போதே மூச்சுக்கு இடம் விடவேண்டும். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: கொப்பியில் மூச்செடுக்கிற இடத்தில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போடு. இரண்டு பாருக்குள் ஒரு கோடாவது இல்லையென்றால் ஒரு சொல்லை வெட்டு. மத்தளத்துக்கு ஆடிய பிள்ளைக்குத் தாளம் சொல்லித்தரத் தேவையில்லை. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை இரண்டு பாராக எண்ணச் சொன்னால் உடனே பிடித்துவிடும்.

ஊர்ப் பேச்சை விட்டுப் போவது

சென்னைப் படங்களைப் பார்த்து "கெத்து", "வேற லெவல்" என்று நிரப்புகிறார்கள். வீட்டில் "உவன் எங்க போட்டான்" என்று கதைக்கிற பிள்ளை, மைக்கைக் கண்டதும் வேறு ஊர்க்காரனாகிவிடுகிறது. அதுவும் ஒரு வேடம்தான். கரீபியன் நாடுகளிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து குடியேறியவர்களின் உச்சரிப்பை எடுத்துப் பாடியதற்காக டிரேக்கும் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறார். எங்களுக்கு வேறு இடத்தில் கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை. வயலில் நெல் அரிவி வெட்டும்போது பாடின அரிவிச் சிந்தைக் கேட்டுப் பாருங்கள். குனிந்து நிமிர்கிற உடம்போடு ஓடுகிற நடை அது. ஒட்டுசுட்டான் பக்கம் வயதான ஒரு அம்மாவிடம் அதைக் கேட்டுப் போனில் பதிவு செய்த பிள்ளை, அந்த நடையை அப்படியே பீட்டில் போட்டு எட்டு வரி எழுதினாள். இவ்வளவு காலத்தில் என் பிள்ளைகள் எழுதியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

நடிப்பை வெட்கப்பட்டு ஒளிப்பது

இதற்கு டொனால்ட் குளோவர் நல்ல சாட்சி. தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் எழுதியும் நடித்தும் பெயரெடுத்தவர், சைல்டிஷ் காம்பினோ என்ற பெயரில் ராப் பாட வந்தார். 2011 இல் வந்த அவருடைய முதல் இசைத்தொகுப்புக்கு ஒரு பெரிய இசை இதழ் பத்துக்கு 1.6 புள்ளிதான் போட்டது. 2018 இல் ஒரே பாட்டோடு உலகத்தை நிறுத்தினார். அந்தப் பாட்டு 2019 இல் நாலு கிராமி விருது வாங்கியது. அதன் காணொளியைப் பாருங்கள். முகம் சிரிக்கிறது, அடுத்த நொடியில் கை சுடுகிறது, உடம்பு திரும்ப ஆடப் போகிறது. நடிகனால் மட்டும்தான் அதைச் செய்ய முடியும். கூத்தாடிய கால் மேடையில் எப்படி நிற்க வேண்டும் என்று அறியும். அதை ஏன் மறைக்க வேண்டும்?

டிரேக்கின் ஒலியை உருவாக்கிய நோவா ஷெபிப் கூடச் சிறுவயதில் நடித்தவர்தான். பாடுகிறவர், ஒலி அமைக்கிறவர் இரண்டு பேரும் பிள்ளைப் பருவத்திலேயே கமராவுக்கு முன்னால் நின்றவர்கள். உங்கள் நாடகக் குழுவில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருந்த பெடியனை விட்டுவிடாதீர்கள்.

பீட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூடியூப்பில் "இலவசம்" என்று போட்டிருக்கும் பீட் பெரும்பாலும் பணம் சம்பாதிக்காத பாட்டுக்கு மட்டும்தான் இலவசம். டிரேக்கின் 2009 தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே வந்தது, அதில் மற்றவர்களின் இசையும் இருந்தது. அதே வருடம் விற்பனைக்கு விட்டபோது கடைக்கு வந்தவை ஏழு பாட்டுகள்தான், அதில் இரண்டு புதியவை. பீட்டின் விலை, உரிமை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். என் பிள்ளை ஒருத்தியின் பாட்டை, காணொளி எடுத்துத் தந்தவர் தன் சனலில் தன் பெயரில் போட்டார். எங்களிடம் ஒரு துண்டுக் கடிதாசிகூட இருக்கவில்லை. பாட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கால் போனதாக எழுதிய பெடியன் இரண்டு கிழமை கழித்துத் திரும்ப வந்தான். முதல் வரி மாறியிருந்தது: "மாமா நடந்தா ரெண்டு சத்தம், ஒண்டு கால், ஒண்டு கட்டை." பதிவு செய்ய அவன் வீட்டுக்கே போனோம். தகரக் கூரை எதிரொலித்ததால் அலுமாரிக் கதவைத் திறந்து, சுற்றிவர நாலு போர்வை கட்டினோம். அப்படியும் தோட்டத்தில் ஓடிய தண்ணீர் மோட்டரின் இரைச்சல் மைக்கில் விழுந்தது. மாமா எழும்பி இருட்டுக்குள் நடந்துபோய் அதை நிற்பாட்டிவிட்டு, திரும்பி வராமல் கிணற்றுக் கட்டிலேயே இருந்துகொண்டு, "இப்ப பாடு" என்றார்.