சிங்கப்பூர் வீட்டில் பூஞ்சை: புதிதாக வருபவர்களுக்கு

சென்னையிலிருந்து வருபவர்கள் "எங்களுக்குத் தெரியாத புழுக்கமா" என்பார்கள். புழுக்கம் தெரியும், சரி. ஆனால் அங்கே சித்திரை வைகாசி வெயிலில் மெத்தை, தலையணை, பருப்பு என்று எல்லாவற்றையும் மொட்டை மாடியில் கொண்டுபோய்ப் போட்டு வருடத்து ஈரத்தை விரட்டிவிடலாம். சிங்கப்பூரில் அப்படி எல்லாவற்றையும் காயவைக்கும் காலமே கிடையாது. ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத மத்தியானத்தில்தான் 60 பக்கம் இறங்கும். நீங்கள் இருக்கப்போவதோ மொட்டை மாடி இல்லாத ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில், பெரும்பாலும் அதில் ஓர் அறையில்.

வந்தவுடன் எல்லாரும் சொல்லும் அறிவுரை, ஜன்னலைத் திறந்து வை, காற்றோட்டம் இருந்தால் பூஞ்சை வராது என்பது. பாதி சரி. நாள் முழுக்க ஜன்னல் திறந்து, மின்விசிறி மட்டும் ஓடும் வீட்டில் பூஞ்சை அவ்வளவாக வராது, ஏனென்றால் உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடு, காற்றும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மூடிவைத்து ஏர்கான் போட்ட அறையும் பரவாயில்லை, ஏர்கானே காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்து குழாய் வழியாக வெளியே விட்டுவிடும். சிக்கல் இரண்டையும் கலக்கும்போதுதான் வருகிறது.

ராத்திரி முழுக்க 20, 21இல் ஏர்கான் ஓடுகிறது. சுவர், மெத்தை, பீரோவின் பின்பலகை எல்லாம் சில்லென்று ஆகிவிடும். காலையில் எழுந்ததும் ஏர்கானை அணைத்து ஜன்னலை விரியத் திறந்தால், வெளியே இருக்கும் காற்று 24 டிகிரியைத் தொட்டாலே தண்ணீராக மாறும் நிலையில் இருக்கிறது, அது நேராக வந்து அந்தக் குளிர்ந்த சுவரில் படியும். கண்ணாடியில் படிந்தால் தெரியும், சுண்ணாம்பில் படிந்தால் தெரியாது. தினமும் இப்படி நடந்தால் சில வாரங்களில் பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி வந்துவிடும். அதனால் ஏர்கானை 25இல் வையுங்கள், காலையில் அணைத்ததும் மின்விசிறியை ஓடவிட்டு அறைக்கதவை மட்டும் திறந்துவையுங்கள், அறை கொஞ்சம் சூடேறிய பிறகு ஜன்னலைத் திறங்கள். வேலைக்கு ஓடவேண்டும் என்றால் ஜன்னலைத் திறக்காமலே போகலாம், தப்பில்லை. இன்னொன்று, உங்கள் அறையில் 18 வைத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சுவரும் வியர்க்கும், கூடத்தில் காரணமே இல்லாமல் பூஞ்சை வருகிறது என்று வீட்டுக்காரர் புலம்புவது பல வீடுகளில் இதனால்தான்.

காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டும் ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. அறையில் 60க்குக் கீழே இருந்தால் நிம்மதி, நாள் கணக்கில் 70க்கு மேலேயே நின்றால் ஏதாவது செய்யவேண்டும்.

துணியை அறைக்குள் காயப்போடுவது பல வாடகைக்காரர்களின் தலையெழுத்து. துவைத்த ஈரம் எங்கேயும் போகாது, உங்கள் மெத்தைக்குத்தான் போகும். சமையலறையை ஒட்டித் துணி காயப்போடும் சர்வீஸ் யார்டில் இடம் கேட்டு வாங்குங்கள், வாடகை பேசும்போதே கேட்டுவிடுவது நல்லது. வேறு வழியில்லை என்றால் அறையை மூடி ஏர்கானை டிரை மோடில் போட்டு, துணிமேல் நேராக மின்விசிறி வீசட்டும்.

பீரோவைச் சுவரோடு ஒட்டிவைக்காதீர்கள், நாலு விரல் இடைவெளியாவது வேண்டும். ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் கிடைக்கும் தர்ஸ்டி ஹிப்போ மாதிரி ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் மூடிய பீரோவுக்குள் நன்றாக வேலை செய்யும், திறந்த அறையில் வைத்தால் காசுதான் வீண். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு, ஈரத்தை இழுத்து உப்புத்தண்ணீராகத் தேங்கும், அது தோல் பையில் கொட்டினால் பை போச்சு. பட்டுப்புடவையைக் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையிலேயே வைத்திருப்பவர்கள் முதலில் அதைக் கிழித்துப் போடுங்கள். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏர்கான் ஓடும் அறையில் பிரித்துப் போட்டு மடிப்பு மாற்றி வையுங்கள். கேமரா லென்ஸ் வைத்திருந்தால் ஈரத்தைக் குறைத்தே வைக்கும் டிரை கேபினட் பெட்டி வாங்கியே ஆகவேண்டும், லென்ஸுக்குள் பூஞ்சை வந்தால் துடைத்து எடுக்கும் கதையில்லை.

அப்புறம் பாம் ஷெல்ட்டர், அதாவது குண்டுவீச்சு நேரத்தில் ஒதுங்க வீட்டுக்குள்ளேயே கட்டிய அறை. 90களின் கடைசியிலிருந்து கட்டிய வீடுகளில் இருக்கும் இந்தக் காங்கிரீட் அறையை எல்லாரும் சாமான் அறையாகத்தான் பயன்படுத்துகிறார்கள். ஜன்னல் கிடையாது, கனமான இரும்புக்கதவு. பெட்டி, காலணி, பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் உள்ளே போய்க் கதவும் சாத்தப்பட்டால், வீட்டிலேயே முதலில் பூஞ்சை வருவது அங்கேதான். கதவைத் திறந்தே வையுங்கள், காற்றுத் துவாரத்தைப் பெட்டிகளால் மறைக்காதீர்கள், சான்றிதழ்களை அங்கே வைக்கவே வேண்டாம். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்குவதாக இருந்தால் கம்ப்ரசர் வகையே இந்த ஊர்ச் சூட்டுக்கு ஏற்றது; ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டவேண்டும், இல்லாவிட்டால் சிங்கப்பூர் முழுவதையும் உலர்த்தப் பார்க்கும்.

வந்துவிட்ட பூஞ்சையைக் காய்ந்த துணியால் தட்டாதீர்கள், விதைத்தூள் அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசம் போட்டு, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். டைல்ஸுக்குத் தண்ணீர் கலந்த பிளீச் போதும். பிளீச்சோடு வினிகரோ ஆசிட் வகைக் கழிவறைத் திரவமோ கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். மேலே பெயின்ட் அடித்து மறைப்பது சும்மா ஏமாற்று வேலை.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க: இங்கே விடாமல் மழை கொட்டுவதும் அப்போதுதான். கிளம்பும் முன் பீரோ டப்பாக்களை மாற்றி, காலணிகளை நன்றாகக் காயவைத்து, பாய் மெத்தையை நிமிர்த்திவையுங்கள். வீட்டில் தங்கும் யாராவது வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஏர்கான் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

வாடகை வீட்டில் சாவி வாங்கும் அன்றே கழிவறை உள்கூரை, ஏர்கான் சுற்றுப்புறம், பீரோவின் உள்பக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். மாடி வீட்டிலிருந்து கசியும் தண்ணீரால் உள்கூரையில் கறை வந்தால் அது நீங்கள் துடைத்துத் தீர்க்கிற விஷயம் இல்லை, மேல்வீட்டு உரிமையாளரும் உங்கள் வீட்டுக்காரரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டியது. பார்த்த அன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள், வாயால் சொன்னது முன்பணம் திருப்பித் தரும் நாளில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.