கூட்டம் சேர்ந்தால் மட்டும் வெட்டிய மைக்

கோத்தகிரியில் அக்கா மகள் கல்யாணத்துக்காக இரண்டு கைமைக் உள்ள மலிவான வயர்லெஸ் செட் வாங்கினேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை, அதாவது வைஃபை ஓடும் அதே ரேடியோ அலைவரிசை. காலி மண்டபத்தில் கடைசி வரிசை வரை நடந்து பேசிப் பார்த்தேன், கணீரென்று கேட்டது. நிச்சயதார்த்தத்தன்று ஆட்கள் நிறைந்ததும் குரல் துண்டு துண்டாக வெட்டியது. வரவேற்புக்கு நான்கு நாள்தான் இருந்தது.

டிசம்பர் குளிரில் பேட்டரி இறங்கிவிட்டதோ என்று நினைத்தேன். குளிரில் அல்கலைன் செல் சீக்கிரம் சோர்ந்துவிடும். புது செல் போட்டும் அதே வெட்டு. ஆம்ப்ளிஃபயர் வயரை மாற்றியும் பயனில்லை.

அப்புறம்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. சித்தப்பா பேசும்போது அதிகம் வெட்டியது, அத்தை பேசும்போது குறைவு. சித்தப்பா மைக்கின் அடிப்பகுதியை உள்ளங்கையால் மூடிப் பிடிப்பார். என் மைக்கில் ஆன்டெனா அங்கேதான் இருக்கிறது. மைக்கின் அலையை வாங்கும் ரிசீவரோ தரையில், ஸ்பீக்கருக்குப் பின்னால். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாக உறிஞ்சிவிடும். காலி மண்டபத்தில் தெரியாமல் போனது அதனால்தான்.

ரிசீவரை ஸ்பீக்கர் ஸ்டாண்டில், ஆள் தலைக்கு மேலே, மேடையைப் பார்த்தபடி கட்டினேன். பக்கத்திலிருந்த வைஃபை ரவுட்டரைத் தள்ளி வைத்தேன். மைக்கின் அடியில் சிவப்பு டேப் சுற்றி, “இதுக்கு மேல பிடிங்க” என்று எல்லோரிடமும் சொன்னேன். வரவேற்பில் மூன்று மணி நேரம், ஒரு வெட்டுகூட இல்லை. அப்பாடா!

புதிதாக வாங்குபவர்கள் சேனல் மாற்றும் வசதியுள்ள யூஎச்எஃப் (2.4 கிகாஹெர்ட்ஸைவிடக் குறைந்த அலைவரிசையில் ஓடும்) செட்டைப் பாருங்கள். கூட்டத்தில் அது இன்னும் நன்றாகத் தாங்கும்.